ஜெல் இல்லாமல் காம்ரேட்ஸ் ஓட முடியுமா? கூழ், கருப்பட்டி, உப்பு

கேள்வி: தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கத்து பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி. 11 ஜனவரி 2024

அக்கா, இந்த வருஷம் முதல் தடவையா காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கேன். தைப்பூசக் காவடியும் எடுக்கிறேன், பத்து நாள் விரதம். ஓடும்போது குடிக்கிற சர்க்கரை ஜெல், பவுடர் எல்லாம் எனக்கு ஒத்துக்கலை, விலையும் கட்டுப்படியாகலை. நம்ம வீட்டுச் சாப்பாட்டை வச்சே டர்பன்ல இருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைக்கும் ஓட முடியுமா? எல்லாம் இயற்கையா இருக்கணும்னு ஆசை.

11 ஜனவரி, இரவு

முடியும் தம்பி. நான் ஜெல்லை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2022-இல் எதிர்த்திசையில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கி வந்த காம்ரேட்ஸில் ஜெல்லாகக் குடித்துக் கடைசியில் வாந்தி. பைன்டவுனில் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இனி அந்தக் கண்றாவி வயிற்றுக்குள் போகாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என் சாமான்கள்: கூழ், மோர், கருப்பட்டி, வாழைப்பழம், பேரீச்சை, இளநீர். இவ்வளவுதான்.

1922-இல் பில் பெய்ன் என்ற ரக்பி ஆட்டக்காரர் ரக்பி பூட்ஸ் போட்டுக்கொண்டே இந்த ஓட்டத்தை ஓடினார். வழியில் நின்று முட்டையும் பன்றிக்கறியும், அப்புறம் கோழிக்குழம்பு, பீச் பிராந்தி, பீர் என்று ஒரு கல்யாணச் சாப்பாட்டையே முடித்துவிட்டு எட்டாவதாக வந்தார். நாம் மோர் குடித்து ஓட முடியாதா என்ன!

14 ஜனவரி

கூழைப் பற்றிக் கேட்டிருந்தாய். பொங்கல் வேலைக்கு நடுவில் எழுதுகிறேன்.

ஆடி மாசம் இங்கே மாரியம்மன் கோயில்களில் ஊற்றுகிறார்களே, எல்லாரும் பாரிட்ஜ் பிரேயர்ஸ் என்கிறார்களே, அதே கூழ்தான். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, எங்கள் வீட்டில் கம்பு. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் கம்புக்கு எங்கே போவது என்று முழித்தேன். என் மாமியார், "மீலிமீல் இருக்கும்போது கம்பு எதுக்கும்மா?" என்று ஒரே போடாகப் போட்டார். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குக் கூழ் என்றாலே மக்காச்சோளந்தான்.

அடுத்த தெருவில் ஒரு சுலு அம்மா இருக்கிறார். மீலிமீலைத் தண்ணியாகக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு பிடி கோதுமை மாவு தூவி, துணி கட்டி ரெண்டு நாள் அடுக்களை மூலையில் வைத்துவிடுவார். மூடியைத் திறந்ததும் மேலே சின்னச் சின்னக் குமிழி, மூக்கில் ஏறுகிற புளிப்பு. அதுதான் மாஹெவு. அவருக்கு என் கூழை ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இதை எங்ககிட்டே இருந்து எப்போ திருடினீங்க?" என்று கேட்டார். அவருடைய அமாசி என்ற புளித்த பாலும் நம் கட்டித்தயிரும் அப்படித்தான், அண்ணன் தம்பி.

புளிக்க வைப்பதில் ருசிக்கு மேல் ஒரு காரியம் இருக்கிறது. தானியத்தில் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு விடாத ஒரு அமிலம் உண்டு, ஃபைட்டிக் அமிலம். புளிக்கும்போது அது குறையும். சைவக்காரர்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

15 ஜனவரி

அட்டைப்பெட்டியில் கடையில் விற்கிற மாஹெவு ஆகாதா என்று ஒருவர். ஆகும். சர்க்கரை கூடுதல். ஓடுகிறவனுக்கு அது குறையில்லை.

20 ஜனவரி

கொடியேற்றி விரதம் தொடங்கிவிட்டாய் அல்லவா? இந்தப் பத்து நாளில் தூரத்தைக் கூட்டாதே. ஜனவரி டர்பன் புழுக்கத்தில் காலை 5 மணிக்குக் கடற்கரையில் புளூ லகூனில் இறங்கி உஷாகா வரைக்கும் போய்த் திரும்பினாலே சட்டையைப் பிழியலாம். ஒருவேளைச் சாப்பாட்டோடு அந்த வியர்வையும் சேர்ந்தால் தலை சுற்றும். மெதுவாக 8 கிலோமீட்டர் போதும். ஓடி முடித்த அரைமணிக்குள் உன் அன்றைய சாப்பாட்டைச் சாப்பிடுகிற மாதிரி நேரத்தை மாற்றிக்கொள். முருகன் ஒன்றும் சொல்லமாட்டார். உங்கள் பாட்டி சொல்லலாம்.

28 ஜனவரி

காவடி நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து பாதம் கொப்புளித்த கதையைப் படித்தேன். கொப்புளம் காய்கிற வரை ஓடாதே. மஞ்சள் அப்பலாமா என்று கேட்கிறாய். சுத்தமாகக் கழுவித் துணி சுற்று, அது போதும்.

18 பிப்ரவரி

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

நேற்று ராத்திரி வீட்டில் சுகர் பீன்ஸ் குழம்பு. ஆட்டுக்கறி போடாமல், உருளைக்கிழங்கு போட்டு, மாமியார் கை. ரெண்டு தட்டு சாப்பிட்டேன். இன்று காலை பழைய மெயின் ரோட்டில் ஹில்கிரெஸ்டிலிருந்து டிரம்மண்ட் போய்த் திரும்பும் நீள ஓட்டம். போத்தாஸ் ஹில் ஏறும்போது வயிறு பேச ஆரம்பித்தது. ஒரு பக்கம் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு, அவ்வளவு அழகு, நானோ புதர் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பயறு, கீரை, முழுத்தானியம் எல்லாம் உடம்புக்கு நல்லதுதான், யார் இல்லை என்றது? நீள ஓட்டத்துக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் வேண்டாம். அந்த ரெண்டு நாள் வெள்ளைச் சோறு, இட்லி, தோல் உரித்த உருளைக்கிழங்கு. வருஷம் பூரா "வெள்ளைச் சோறு விஷம்" என்று சொல்லித் திரிகிறவர்கள் அந்த ரெண்டு நாள் வாயை மூடிக்கொள்ளலாம். நானுந்தான்.

3 மார்ச்

11 ஜனவரியில் நான் எழுதியது தப்பு. இத்தனை நாள் எனக்கே நான் சொல்லிக்கொண்ட கதை அது.

கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "ஜெல்லால்தான் வாந்தி வந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு வேறு என்ன குடித்தீர்கள்?" ரெண்டு நாள் பதில் எழுதவில்லை. அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன்.

ஜெல் மொத்தமே நாலு. தண்ணீரோ, வழியில் கொடுக்கிற ஒரு மேஜை விடாமல் குடித்தேன். அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலம் தெரியுமே, பல்லால் மூலையைக் கடித்து வாயில் பீய்ச்சிக்கொள்வது, மேஜைக்கு ரெண்டு. "தாகம் எடுத்துவிட்டால் அப்புறம் பிடிக்க முடியாது" என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். போதாததுக்கு என் வீட்டுக்காரர் ஹில்கிரெஸ்டில் இளநீர் பாட்டிலோடு நின்றார். அதையும் குடித்தேன்.

கையில் அம்மா போட்ட ஒற்றை வளையல். ஓடும்போது மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே போய்ப் போய் வரும், அந்தச் சத்தம்தான் எனக்குத் தாளம். கிளூஃப் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் சத்தம் கேட்கவில்லை. குனிந்து பார்த்தால் வளையல் மணிக்கட்டுச் சதையில் புதைந்து நின்றுவிட்டது. விரல்கள் பாலில் ஊறிய பாதாம் மாதிரி உப்பியிருந்தன. வெயில் என்று நினைத்தேன். ஆகஸ்ட் மாதம் அது, என்ன பெரிய வெயில்! அப்புறம் தலைவலி, அப்புறம் வாந்தி, தெளிவான தண்ணீராக வந்தது.

மருத்துவக் கூடாரத்தில் எனக்கு டிரிப் ஏற்றுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஏற்றவில்லை. விரலை அழுத்திப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், தண்ணீர்ப் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, கரிக்கக் கரிக்க ஒரு கோப்பை சூப் கொடுத்தார்கள். ரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், குறைந்தது இருக்கவேண்டிய 135-க்குக் கீழே போயிருந்தது. வறண்டு விழவில்லை நான், நிரம்பி விழுந்திருக்கிறேன். தூத்துக்குடியில் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவள், தென்னாப்பிரிக்காவில் வந்து உப்பு நீர்த்துப்போய் விழுந்தேன் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தக் கூடாரத்திலேயே காரணத்தைச் சொன்னார்கள். எனக்குத்தான் ஜெல் மேல் பழி போடுவது சுலபமாக இருந்தது. ஜெல் செயற்கை, தண்ணீர் இயற்கை. தண்ணீர் எப்படிக் கெடுதல் செய்யும்?

5 மார்ச்

மேலே உள்ளதுக்கு ஒரு சேர்ப்பு. தண்ணீர் அதிகமாகி ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிற இந்த வியாதியை ஓட்டக்காரர்களிடம் முதலில் அடையாளம் கண்டவர்களில் கேப் டவுன் பேராசிரியர் டிம் நோக்ஸ் ஒருவர். அவர் 1985-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் சொன்ன நோயாளிகளிலும் காம்ரேட்ஸ் ஓடியவர்கள் உண்டு. அதாவது நம் ரோட்டில் கண்டுபிடித்த விஷயம், எனக்கு இப்போதுதான் உறைத்தது.

"அந்த நோக்ஸ்தானே பிறகு சோறே சாப்பிடாதே, கொழுப்பைச் சாப்பிடு என்றவர்?" என்று உடனே ஒரு பதில் வந்துவிட்டது. அவரேதான். முதலில் மாவுச்சத்தை ஏற்றச் சொன்னவர், 2010 வாக்கில் கட்சி மாறினார். அந்தச் சண்டை இங்கே வேண்டாம், ராத்திரி பூரா ஓடும். தண்ணீர் விஷயத்தில் அவர் பக்கம் நான்: தாகத்துக்குக் குடி, தாகத்துக்கு மேல் குடிக்காதே.

இன்னொன்று. உப்பு தின்றுவிட்டால் எவ்வளவும் குடிக்கலாம் என்று நினைக்காதே தம்பி. குடித்தது அதிகமானால் உப்புமாத்திரை காப்பாற்றாது. கடையில் விற்கிற ஸ்போர்ட்ஸ் பானமும் காப்பாற்றாது, அதில் இருக்கும் சோடியம் ரத்தத்தில் இருப்பதைவிட ரொம்பக் குறைவு.

வலி மாத்திரையையும் இதோடு சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தின்போது இபுப்ரோஃபென் வகை மாத்திரை வேண்டவே வேண்டாம். சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் நேரம் அது. 2022-இல் நான் அதையும் ரெண்டு போட்டிருந்தேன். ஜெல்லை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன் பாருங்கள்.

24 மார்ச்

2023-இல் ஏன் ஓடவில்லை என்று கேட்டவருக்கு: இரும்புச்சத்து. மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமித்து வைத்த இரும்பைக் காட்டும் அளவு, 9 என்று வந்தது. பெண்கள், சைவம், நீள ஓட்டம் மூன்றும் சேர்ந்தால் இது சகஜம் என்றார் மருத்துவர். ஒவ்வொரு அடியிலும் பாதத்தில் கொஞ்சம் சிவப்பணுக்கள் நசுங்கிப் போகுமாம், கேட்கவே பாவமாக இருந்தது.

முருங்கைக்கீரையாகத் தின்று சரிசெய்துவிடலாம் என்று நாலு மாதம் பிடிவாதம் பிடித்தேன். ஃபெரிட்டின் 11 ஆயிற்று. அப்புறம்தான் வழிக்கு வந்து மாத்திரை எடுத்தேன். அதோடு சாப்பாட்டு முடிவில் குடிக்கிற டீயை நிறுத்தினேன், டீயில் உள்ள டானின் இரும்பை உடம்பில் ஏறவிடாது. நிறுத்தினேன் என்றா சொன்னேன்? ரூய்போஸ் என்ற மூலிகைத் தேநீருக்கு மாறினேன். அதில் டானின் குறைவு, காஃபின் இல்லை. முதல் வாரம் வைக்கோல் தண்ணி குடிக்கிற மாதிரி இருந்தது. கீரைக்கு எலுமிச்சை பிழிவது, சாப்பிட்டதும் ஒரு கொய்யா, இதெல்லாம் இப்போதும் உண்டு.

பரிசோதனை செய்யாமல் யாரும் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், அதிகமானால் அதுவும் கெடுதல்.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்துகள். வந்து குவிந்த கேள்விகளுக்குச் சுருக்கமாக.

இளநீர்: பொட்டாசியம் நிறைய. வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். ஓடி முடித்துக் குடிக்க நல்லது, ஓட்டத்துக்கு நடுவில் அதையே நம்பாதே. ஜனவரிப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

பீட்ரூட்: வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். குடித்து ரெண்டு, மூன்று மணி நேரம் கழித்துத்தான் பலன். வாயில் இருக்கும் நல்ல கிருமிகள்தான் அதிலுள்ள நைட்ரேட்டை மாற்றித் தருகின்றன, அதனால் அன்று காலை மவுத்வாஷ் கொப்பளிக்காதே. மறுநாள் கழிவறையில் சிவப்பாகப் பார்த்து அலறாதே. நான் அலறினேன்.

மஞ்சள்பால்: குடி, தூக்கம் வரும். முழங்கால் வலி போகும் என்று சத்தியம் செய்யமாட்டேன். மஞ்சளின் சத்து தனியாக உடம்பில் ஏறுவது ரொம்பக் கம்மி, மிளகு சேர்த்தால் கூடும். பாட்டிகள் மிளகையும் சேர்த்தேதான் தட்டிப் போட்டார்கள்.

ஊறுகாய்த் தண்ணி: கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ஒரு வாய். வயிற்றில் சேர்ந்து ரத்தத்துக்குப் போகிற நேரத்துக்கு முன்பே பிடிப்பு விட்டுவிடுகிறது. தொண்டையில் படுகிற புளிப்பும் காரமும் நரம்பை உலுக்குவதால் என்கிறார்கள். எலுமிச்சை ஊறுகாயில் சோதித்தேன். பிடிப்பு விட்டது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

12 மே

இன்று 56 கிலோமீட்டர். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்து ஆடிப்போனேன்.

இவ்வளவு நேரம் ஓடுகிறவர்களுக்கு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வேண்டும், பழக்கினால் 90 வரை போகலாம். ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் சொச்சம். 12 மணி நேரத்துக்கு எத்தனை பழம்? கிட்டத்தட்ட 30. குரங்குகூடத் தின்னாது. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் அடுக்களை ஜன்னல் வழியாக வருகிற குரங்குகளைச் சொல்லவில்லை, அவை தின்னும்.

பேரீச்சையில் சர்க்கரை அதிகந்தான், ஆனால் நாரும் அதிகம், ஏழெட்டுக்கு மேல் வயிறு கடமுடா. கூழ் ஓட்டத்தின்போது குலுங்கிக் குலுங்கி நெஞ்சுக்கு வருகிறது. ஆக என் ஜனவரிச் சாமான்களில் ஓடும்போது தாக்குப்பிடித்தது கருப்பட்டி ஒன்றுதான். அதற்குக் காரணமும் உண்டு. கருப்பட்டிச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸாகப் பிரியும். குடலில் ரெண்டுக்கும் தனித்தனி வாசல், ரெண்டு வரிசையில் ஆள் உள்ளே போகிற மாதிரி. ஜெல் செய்கிறவர்களும் இதைத்தான் பண்ணுகிறார்கள். அதில் ஊற்றுகிற மால்டோடெக்ஸ்ட்ரினைப் பெரும்பாலும் எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? மக்காச்சோளம். என் மாமியாரின் மீலிமீல். நான் ஒன்றரை வருஷமாக எதிரியாகப் பார்த்தது கூழின் ஒன்றுவிட்ட தம்பியை.

இன்று 40-ஆவது கிலோமீட்டரில் ஒரு ஜெல் குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. எழுதிவிட்டேன், திட்டுகிறவர்கள் திட்டலாம்.

எதைச் சாப்பிடுவதாக இருந்தாலும் இப்போதே, நீள ஓட்டங்களில் சாப்பிட்டுப் பழகு. குடலும் காலை மாதிரித்தான், பழக்காமல் வேலை வாங்க முடியாது.

7 ஜூன்

ஓட்டத்துக்கு முந்தின நாட்களில், ஒரு நாளைக்குக் கிலோ எடைக்குப் பத்து கிராம் மாவுச்சத்து என்று கணக்கு. எனக்கு 560 கிராம். சோறாகப் பார்த்தால் ரெண்டு கிலோ. மாமியார் தட்டைப் பார்த்துவிட்டு, "வேணாம்மா, வயித்தைக் கெடுத்துக்காதே" என்றார். இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து "வேணாம்" வந்தது இதுதான் முதல் தடவை. பாதியைச் சோறாகவும் மீதியைப் பழச்சாறும் பாயசமுமாக முடித்தேன்.

9 ஜூன், இரவு

முடித்துவிட்டேன். 11:38. படி இறங்க முடியவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

13 ஜூன்

நாளைக்கு என்றது இன்றைக்கு.

இருட்டில் டர்பன் சிட்டி ஹால் முன்னால் நெருக்கியடித்து நின்று, ஒலிபெருக்கியில் சேவல் கூவியதும் கிளம்பினோம். ஸ்காட்ஸ்வில் குதிரைப் பந்தய மைதானம் வரை 85.91 கிலோமீட்டர், பெரும்பாலும் ஏற்றம். கௌவிஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ் மூன்று மேட்டையும் நடந்து ஏறினேன், சமதளத்தில் ஓடினேன். இடுப்புப் பையில் சின்னப் பாட்டில்களில் கருப்பட்டிப் பாகு, புளியோதரை உருண்டை ஒன்பது. தாகம் எடுத்தபோது குடித்தேன். எடுக்காதபோது தண்ணீர்ப் பொட்டலத்தைத் தலையில் பீய்ச்சிக்கொண்டேன்.

இஞ்சாங்கா மேட்டைத் தாண்டியதும் இனிப்பு என்றாலே குமட்டியது. கருப்பட்டி தொண்டையில் இறங்கமாட்டேன் என்றது. அங்கே ஒரு மேஜையில் வேகவைத்த உருளைக்கிழங்கு, உப்பில் புரட்டியது. ஒன்றை வாயில் போட்டேன். உப்பு நாக்கில் கரைந்து, கிழங்கு மாவாக உதிர்ந்து... ஒரு திருமண மண்டபச் சாப்பாடும் அதற்கு ஈடாகாது. அதற்குப் பிறகு கடைசிவரை உருளைக்கிழங்கும், மூடி திறந்து வாயு போன கோலாவுந்தான். ஆமாம், கோலா. இயற்கைவாதிகள் மன்னிக்கவும்.

பாலி ஷார்ட்ஸ் ஏற்றத்தில் கையை ஆட்டிப் பார்த்தேன். வளையல் முழங்கைக்குப் போய்விட்டு வந்தது.

11 மணி நேரத்தைத் தாண்டி 12 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்குக் கொடுக்கிற விக் கிளாப்ஹாம் பதக்கம் சாமி ரூமில் மாட்டியிருக்கிறது. மாட்டியது மாமியார்.

15 ஜூன்

பீனிக்ஸ் தம்பி 10 மணி 20 நிமிஷத்தில் முடித்துவிட்டு இப்போதுதான் வந்து எழுதுகிறான்: "அக்கா, நீங்க சொன்ன கருப்பட்டி கால்சட்டைப் பையிலேயே உருகிப்போச்சு. மொத்த ஓட்டமும் உருளைக்கிழங்கு, ஆரஞ்சு, கோலா. ரெண்டு ஜெல்லும் யாரோ கொடுத்தாங்க, குடிச்சேன்."

இவனுக்காக ஐந்து மாதமாக நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

16 ஜூன்

பாகு செய்முறை கேட்டவர்களுக்கு: 100 கிராம் கருப்பட்டியைத் தட்டி, முக்கால் டம்ளர் தண்ணீரில் கரையவிட்டுக் கொதிக்கவை. மண் இருக்கும், துணியில் வடிகட்டியே ஆகவேண்டும். உடன்குடிக் கருப்பட்டி ஊரிலிருந்து யாராவது வந்தால்தான்; இல்லாவிட்டால் இங்கே கிடைக்கிற வெல்லம் போதும், வித்தியாசம் மணத்தில் மட்டும். ஆறியபின் அரை எலுமிச்சை, துளி சுக்கு, ரெண்டு சிட்டிகை உப்பு. ஒரு நாளைக்கு முன்னால் செய்தால் போதும், பழையதாகிப் புளித்தால் கொட்டிவிடு.

புளியோதரை உருண்டைக்குச் சோற்றைக் குழைய வடி. கடலைப்பருப்பு, நிலக்கடலை எதுவும் போடாதே, ஓடிக்கொண்டே மென்றால் மூச்சுக்குழாய்க்குள் போகும். எண்ணெய் கம்மி. உள்ளங்கையில் அடங்குகிற அளவு, மெழுகுத்தாளில் சுற்று.

16 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

பாகுக்கு ரெண்டு சிட்டிகை உப்பு என்று எழுதிவிட்டேன். மூன்று.